நான் சுரண்டவில்லை

புண் ஆறிவரும்போது மேலே காய்ந்து நிற்கும் பக்கைப் பிய்ப்பதில் எனக்கு ஒன்பது வயதுக்குள் நல்ல தேர்ச்சி வந்துவிட்டிருந்தது. முட்டியோ முழங்கையோ, எங்கே இருந்தாலும் ஓரத்திலிருந்து மெல்லக் கிளப்பி, உடையாமல் முழுசாக எடுத்துவிடுவேன். எடுத்ததை நோட்டுக்குள் பத்திரமாக வைத்து எடுத்துப்போய்ப் பள்ளிக்கூடத்தில் காட்டியதும் உண்டு. ஸ்ரீராம்புரத்தில் எங்கள் சந்தில் இது தெரியாதவர்கள் யாரும் இல்லை. ஆகவே என் தம்பியின் புண்ணிலிருந்து மறுநாள் திரும்பவும் ரத்தம் வந்தபோது எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்ததில் அநியாயம் ஒன்றும் இல்லை என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன். அப்போது ஒப்புக்கொள்ளவில்லை.

தம்பிக்கு இரண்டரை வயது. அவனுக்கு நடை என்று ஒன்று கிடையாது, ஓட்டம்தான். எங்களுடையது ஒற்றை அறை வீடு. கதவைத் திறந்தால் சந்து, சந்து முழுக்கக் கல்லும் குழாயடியும் நிறுத்திவைத்த வண்டிகளும். அப்பா தண்ணீர் டேங்கர் லாரி ஓட்டினார். அம்மா கார்மெண்ட்ஸ் வேலையை விட்டுவிட்டு, சட்டைகளை மூட்டையாக வாங்கிவந்து வீட்டிலேயே பட்டன் தைத்துக் கொடுத்தாள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தம்பியைப் பார்த்துக்கொள்வது என் உத்தியோகம். சம்பளம் கிடையாது, அடி மட்டும் உண்டு.

முதலில் முட்டியில் அடிபட்டது. குழாயடிக் கல்லில் விழுந்து சிராய்த்துக்கொண்டான். அம்மா மஞ்சளை அப்பினாள், சற்று நேரத்தில் ரத்தம் நின்றுவிட்டது. எல்லாப் பிள்ளைகளுக்கும் நிற்பது மாதிரிதான். மறுநாள் சாயங்காலம் அவன் என் மடியில் உட்கார்ந்து பன் தின்றுகொண்டிருந்தபோது என் பாவாடை ஈரமாக இருந்தது. மூத்திரம் போய்விட்டான் என்று நினைத்துக் கீழே இறக்கினேன். முட்டியிலிருந்து ரத்தம் வழிந்து கணுக்கால் வரை வந்திருந்தது. அம்மா ஊசியைச் சட்டையிலேயே குத்திவைத்துவிட்டு எழுந்து வந்தாள்.

"இன்னாடி பண்ண அவன?"

"நான் ஒண்ணும் பண்ணல."

"பக்கப் பிச்சியா?"

"இல்லம்மா, சத்தியமா."

என் சத்தியத்துக்கு வீட்டில் அவ்வளவாக மதிப்பு கிடையாது. முதுகில் ஒன்று விழுந்தது.

பத்து நாள் கழித்து முகவாயில் சின்ன வெட்டு. அதே கதைதான். அன்றைக்கு நின்றது, மறுநாள் திறந்துகொண்டது. நடுவில் ஒருநாள் நெற்றியில் லேசாக இடித்துக்கொண்டான். இடித்தபோது ஒன்றும் இல்லை, மறுநாள் காலையில் எலுமிச்சம்பழம் அளவுக்கு வீங்கி நீலமாகிவிட்டது. அதற்கும் நான்தான் காரணம் என்று தீர்ப்பானது. அம்மா என் நகங்களை ஒட்ட வெட்டினாள். அது போதாதென்று, வீட்டில் இருக்கும் நேரமெல்லாம் என் இரண்டு கைகளிலும் ஸ்கூல் சாக்ஸை மாட்டி, மணிக்கட்டில் பட்டன் நூலால் கட்டிவிட்டாள். அந்தக் கையால் சோறு அள்ள முடியாததால் அவளே எனக்கு ஊட்டிவிட வேண்டியிருந்தது. அது எனக்குப் பிடித்திருந்தது என்பது வேறு விஷயம்.

சாக்ஸ் மாட்டிய மறுநாளே தம்பியின் முகவாயில் மறுபடி ரத்தம் வந்தது. நான் அம்மாவின் முன்னால் போய் நின்று இரண்டு கைகளையும் நீட்டிக் காட்டினேன். அவள் போட்ட முடிச்சு அவள் போட்டபடியே இருந்தது. அதைவிடத் தெளிவான சாட்சி என் வாழ்க்கையில் அதற்குப் பிறகும் எனக்குக் கிடைத்ததில்லை. அம்மா கொஞ்ச நேரம் சாக்ஸையே பார்த்தாள். பிறகு, "பல்லால கடிச்சியா?" என்று கேட்டாள்.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. தம்பியின் புண்ணைக் கடிக்கிற பிறவியா நான்? அழுதுகொண்டே, "அப்ப பொறந்தப்போ தொப்புள்ல வந்துச்சே, அதையும் நானா சுரண்டினேன்?" என்று கேட்டுவிட்டேன்.

அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. சட்டென்று என் வாயைப் பொத்தினாள். "அத இன்னொரு தடவ சொன்ன, வாயில சூடு வெச்சிடுவேன்" என்றாள். கத்தாமல் மெதுவாகச் சொன்னாள். அதனால்தான் எனக்குப் பயமாகிவிட்டது.

தொப்புள் பேச்சு எங்கள் வீட்டில் ஏன் ஆகாது என்பதற்கு ஒரு பழைய கதை இருந்தது. எனக்கு முன்னால் ஓர் அண்ணன் பிறந்தான். அப்பாவும் அம்மாவும் சொந்தத்தில் கட்டிக்கொண்டவர்கள், அத்தை மகனும் மாமன் மகளும். பிள்ளையைக் குளிப்பாட்டித் தர வந்தது அப்பாவின் அக்கா, அதாவது என் அத்தை. அத்தைக்குக் கல்யாணமாகி அப்போது ஆறு வருஷம், பிள்ளை இல்லை. அவள் காலை நீட்டி உட்கார்ந்து, பிள்ளையைக் காலில் கிடத்தி, எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவதை வேடிக்கை பார்க்கப் பக்கத்து வீட்டுப் பெண்களெல்லாம் வருவார்களாம். ஏழாம் நாள் குளிப்பாட்டி முடித்துப் பார்த்தால் காய்ந்திருந்த தொப்புள்கொடியைக் காணோம். விழுந்த கொடியைத் தாயத்தில் அடைத்துப் பிள்ளையின் இடுப்பில் கட்டுவது வழக்கம். வீடு முழுக்கத் தேடியும் கிடைக்கவில்லை. மறுநாள் தொப்புளிலிருந்து ரத்தம் கசிய ஆரம்பித்தது. தூக்கிக்கொண்டு ஓடிய இடத்திலெல்லாம் கட்டுப் போட்டார்கள், நிற்கவில்லை. பதினோராம் நாள் அண்ணன் போய்விட்டான்.

பிள்ளையில்லாதவள் தொப்புள்கொடியை வாழைப்பழத்தில் வைத்து விழுங்கினால் அவளுக்குப் பிள்ளை உண்டாகும் என்று எங்கள் ஆட்களிடையே ஒரு நம்பிக்கை உண்டு. கொடி குளிப்பாட்டிய தண்ணீரோடு சாக்கடை மோரியில் போயிருக்கும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. அத்தை அதைத் தானாக விழுமுன்பே பிய்த்து விழுங்கிவிட்டாள், பிய்த்த இடத்தில்தான் ரத்தம் வந்தது என்று பேச்சு கிளம்பியது. கிளப்பியது அம்மா. பெற்றதைப் பறிகொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்த இருபது வயதுப் பெண் சொன்னதை யார் மறுத்துப் பேசுவார்கள்? அந்தப் பேச்சு அத்தையின் புருஷன் காதுக்குப் போயிற்று. அவர் அதையே சாக்காக வைத்துக்கொண்டு இன்னொருத்தியைக் கட்டிக்கொண்டார். அத்தை ஆஸ்டின் டவுனில் ஓர் அறை எடுத்துக்கொண்டு, பிள்ளைகளுக்கான ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஆயா வேலைக்குச் சேர்ந்தாள். பொங்கலுக்கு அப்பா மட்டும் போய், வாசலிலேயே நின்று சீர் கொடுத்துவிட்டு வருவார். அம்மாவும் நானும் போனதே இல்லை.

தம்பி பிறந்தபோது எனக்கு ஆறு வயது முடிந்திருந்தது. அம்மா யாரையும் கிட்டே சேர்க்கவில்லை. பச்சை உடம்போடு தானே குளிப்பாட்டினாள். கொடி விழுந்ததும் கையோடு எடுத்துக் குங்குமச் சிமிழில் போட்டு மூடினாள். அத்தனை காவல் காத்தும் மறுநாள் தம்பியின் தொப்புளில் ரத்தம் கசிந்தது. அது கோடை. கோடையில் டேங்கர் ஓட்டுகிறவர்கள் வீட்டுக்குத் தூங்க மட்டும்தான் வருவார்கள், அப்பாவுக்கு ஒன்றும் தெரியாது. அம்மா என் பழைய மஞ்சள் கவுனைக் கிழித்து மடித்து அமுக்கினாள். மூன்று துண்டு நனைந்தது. பிறகு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தெருமுனை கிளினிக்குக்கு ஓடினாள், நானும் பின்னால் ஓடினேன். அங்கே ஏதோ பவுடர் தூவி இறுக்கிக் கட்டினார்கள். இரண்டு நாளில் நின்றுவிட்டது. அந்த இரண்டு நாளும் அம்மா பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு சுவரையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள், சோறு தின்னவில்லை. ரத்தம் நின்ற பிறகு என்னைக் கூப்பிட்டு, "யார்கிட்டயும் சொல்லாத, அப்பாகிட்ட கூட. கண்ணு பட்டுடும்" என்றாள். பெற்ற அப்பாவின் கண் எப்படிப் படும் என்று எனக்குச் சந்தேகம்தான். ஆனாலும் சொல்லவில்லை.

இந்த நிலைமையில்தான் தம்பி மூன்றாவது முறையாக விழுந்தான். நிறுத்திவைத்த வண்டியின் ஸ்டாண்டில் வாய் இடித்து மேலுதட்டின் உள்பக்கம் கிழிந்தது. ஐஸ் வைத்ததும் நின்றது. எல்லோரும் மறுநாளுக்காகக் காத்திருந்தோம். மறுநாள் காலை அவன் எழுந்தபோது தலையணை முழுக்க ரத்தம். கறுப்புக் கட்டிகளாக வாந்தி எடுத்தான். அம்மா அப்பாவுக்குப் போன் செய்தாள். அவர் லாரியோடு ஊரின் அந்தக் கோடியில் இருந்தார்.

"அக்கா வேலை செய்ற ஆஸ்பத்திரிக்குப் போ. நான் அதுக்குப் போன் பண்ணிச் சொல்றேன்" என்றார்.

"வேற எங்கனா சொல்லுங்க."

அதற்கு அப்பா கத்திய கத்தல் போனுக்கு வெளியே நின்ற எனக்கே கேட்டது. ஆட்டோ பிடித்தோம். தம்பியின் தலை அம்மாவின் தோளில், கால்கள் என் மடியில். அவன் அழவில்லை. "அக்கா, வாய் உவ்வே" என்று மட்டும் சொன்னான். அந்தக் காலைப் பிடித்துக்கொண்டு நான் வேண்டாத சாமி இல்லை. இவன் செத்துப்போனால் நான்தான் கொன்றேன் என்பார்கள் என்று பயமாக இருந்தது. அதைவிடவும், இவன் செத்துப்போனால் இவன் இருக்க மாட்டான் என்பதுதான் பயமாக இருந்தது.

ஆஸ்பத்திரி வாசலில் அத்தை நின்றிருந்தாள். நீலப் புடவை, கழுத்தில் அடையாள அட்டை. அவளை முதல்முறையாக அன்றைக்குத்தான் கிட்டத்தில் பார்த்தேன். அப்பா புடவை கட்டிக் கொண்டை போட்டால் எப்படி இருப்பாரோ அப்படியே இருந்தாள். பிள்ளையை வாங்கக் கையை நீட்டினாள். அம்மா தரவில்லை, இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

"குடும்மா. நீ வரிசைல நின்னா சாயங்காலம் ஆய்டும்" என்றாள் அத்தை.

அம்மா கொடுத்தாள். அத்தை அவனைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போன வேகத்துக்கு நாங்கள் ஓட வேண்டியிருந்தது.

ரத்தம் எடுத்தார்கள், உதட்டில் பஞ்சு வைத்து அமுக்கினார்கள். மத்தியானம் ரிப்போர்ட் வந்தது. பெரிய டாக்டர் ஒரு அம்மாள், கண்ணாடி போட்டவர். கன்னடத்தில் ஆரம்பித்து, நாங்கள் தமிழ் என்று தெரிந்ததும் கன்னடமும் தமிழும் கலந்து பேசினார். எல்லாம் நார்மல் என்றார். ரத்தம் உறைகிற நேரம் சரி, உறைய வைக்கிற அணுக்களும் சரி, ஒரு குறையும் இல்லையாம். பிறகு தம்பியின் சட்டையைத் தூக்கி முதுகைப் பார்த்தார். அங்கங்கே நீலமாகக் கன்றியிருந்தது.

"மனேல, வீட்ல, பாப்பாவை யாராவது அடிக்கிறாங்களா?"

அம்மா ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. "இவதான் டாக்டர். பக்கப் பிச்சிப் பிச்சி விட்டுடறா. சொன்னா கேக்கறதில்ல" என்று என்னைக் காட்டினாள்.

டாக்டர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். பக்கத்தில் நின்ற நர்ஸும் பார்த்தாள். கட்டிலில் உட்கார்ந்து தம்பியின் உதட்டில் பஞ்சை அமுக்கிக்கொண்டிருந்த அத்தையும் பார்த்தாள். அவ்வளவு பேர் முன்னால் என்னை அப்படிச் சொல்லிவிட்டாளே. அம்மாவை அந்த நேரத்தில் வெறுத்தேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

டாக்டர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு காகிதத்தைப் பார்த்து வரிசையாகக் கேள்விகளைக் கேட்டு எழுதிக்கொண்டே போனார். ஊசி போட்ட இடம் வீங்குமா, மூக்கில் ரத்தம் வருமா, மலத்தில் வருமா. எல்லாவற்றுக்கும் அம்மா இல்லை இல்லை என்றாள். அதெல்லாம் உண்மைதான்.

"பொறந்தப்போ, தொப்புள்கொடி விழுந்தப்புறம் ரத்தம் ஏதாவது வந்துச்சா?"

அம்மா நிமிரவில்லை. அத்தை பஞ்சை மாற்றிக்கொண்டிருந்தாள்.

"இல்ல" என்றாள் அம்மா.

"வந்துச்சு" என்றேன் நான்.

அம்மாவின் கை என் தோளை இறுக்கியது. வாயில் சூடு வைத்தால் வைக்கட்டும் என்று துணிந்துவிட்டேன். இந்த ஒரு சந்தர்ப்பத்தை விட்டால் ஆயுசுக்கும் நான்தான் சுரண்டினவள்.

"வந்துச்சு டாக்டர். கொடி விழுந்த மறுநாளு. என்னோட மஞ்ச கவுனக் கிழிச்சி வெச்சாங்க, மூணு துண்டு நனஞ்சிச்சு. கிளினிக்குல கட்டுப் போட்டாங்க. அப்ப நான் அவன தொடவே இல்ல. யாருமே தொடல. அம்மா மட்டும்தான் இருந்துச்சு."

ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். என் வழக்கை நானே வாதாடி ஜெயித்துவிட்ட திருப்தி எனக்கு. டாக்டரின் பேனா நின்றுவிட்டது. "நிஜவா?" என்று அம்மாவைப் பார்த்துக் கேட்டார். நிஜமா என்றுதான் அர்த்தம். அம்மா ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினாள்.

"இதுக்கு முன்னாடி வேற பாப்பா ஏதாவது தவறிப்போச்சா?"

கட்டிலிலிருந்து அத்தை சொன்னாள். "ஒண்ணு இருந்துச்சு டாக்டர். ஆம்பளப் புள்ள. பதினோராம் நாளு போய்டுச்சு. தொப்புள்ல ரத்தம் நிக்கல."

சொல்லும்போது அவள் குரல் ஆடவில்லை, பஞ்சை அமுக்கிய விரலும் ஆடவில்லை. டாக்டர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். பொய் சொன்னதற்கு அம்மாவைத் திட்டப்போகிறார் என்று நான் ஆவலோடு காத்திருந்தேன். அவர் திட்டவில்லை. "இத முதல்லயே சொல்லியிருக்கணும்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு, லேபுக்குப் போன் செய்யப் போனார். தம்பிக்கு மறுபடியும் ரத்தம் எடுத்தார்கள். ஒப்பிட்டுப் பார்க்க எனக்கும் எடுத்தார்கள், அதை நான் ஒரு மரியாதையாகவே எடுத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு தம்பிக்கு வைக்கோல் நிறத்தில் ஒரு பை தொங்கவிட்டு ஏற்றினார்கள். சாயங்காலத்துக்குள் உதட்டில் ரத்தம் நின்றுவிட்டது.

அத்தை என்னைக் கேன்டீனுக்கு அழைத்துப்போனாள். டீயும் தேங்காய் பன்னும் வாங்கிக் கொடுத்தாள். நான் பாதி தின்றிருப்பேன்.

"கொடி எங்க இருந்துச்சு, பாத்தியா?" என்று கேட்டாள்.

"குங்குமச் சிமிழ்ல. அம்மா மூடி வெச்சிச்சு. நான் பாத்தேன்."

"அதுக்கு மறுநாள்தான் ரத்தம் வந்துச்சா?"

"ஆமா. அம்மா ரெண்டு நாள் சோறு தின்னல."

அத்தையின் டீயில் ஆடை கட்டிவிட்டது. அவள் தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். தோள் லேசாகக் குலுங்கியதால் சிரிக்கிறாள் என்றுதான் நினைத்தேன். நிமிர்ந்தபோது முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டு என் தலையில் கை வைத்தாள்.

"உங்கப்பன் இப்ப வந்துருவான். தம்பிக்குத் தொப்புள்ல வந்தத அவங்கிட்ட சொல்லாத."

எனக்கு ஏமாற்றமாகிவிட்டது. நோயைக் கண்டுபிடித்தது நான்தான் என்று அப்பாவிடம் சொல்ல வார்த்தைகளைக்கூடத் தயார் செய்து வைத்திருந்தேன். "ஏன் அத்தை?" என்றேன்.

"உங்கம்மா பாவம்டி."

அடி வாங்கியது நான், சாக்ஸ் மாட்டிக்கொண்டது நான், பாவம் மட்டும் அம்மாவா? ஆனால் பன்னைத் தின்றுவிட்டேன், அதனால் சரி என்று தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலை அப்பா இருந்தவரைக்கும் காப்பாற்றினேன். போன வருஷம் அவர் போன பிறகு, இதை எழுதட்டுமா என்று அத்தையைக் கேட்டேன். "என்ன எதுக்குக் கேக்கற, உங்கம்மாவக் கேளு" என்றாள். அம்மா வெகுநேரம் கழித்து, "எழுது" என்றாள்.

மறுநாள் காலை டாக்டர் எங்களை எல்லோரையும் கூப்பிட்டார். அப்பாவும் வந்திருந்தார். மேஜையில் இரண்டு கண்ணாடிக் குழாய்கள். ஒன்றில் என் ரத்தம், அடியில் கெட்டியாகக் கட்டி நின்றது. இன்னொன்று தம்பியுடையது, அதில் வெறும் சிவப்புத் தண்ணீர்தான் இருந்தது. நேற்று இரண்டும் ஒரே மாதிரி உறைந்திருந்தன என்றும், ஒரு மருந்துத் தண்ணீரில் போட்டு வைத்ததில் தம்பியுடையது மட்டும் கரைந்துவிட்டது என்றும் சொன்னார். நான் பரீட்சையில் பாஸாகிவிட்டேன் என்று சந்தோஷப்பட்டேன். உடனே தம்பி பெயிலாகிவிட்டானே என்று பயமாகவும் இருந்தது.

"நோடம்மா, இங்க பாருங்க, நீங்க தைக்கிறவங்கதானே" என்று டாக்டர் அம்மாவைக் கேட்டார். "தையல் எல்லாம் சரியாப் போட்டுட்டுக் கடைசில முடிச்சு போடலைன்னா இன்னாகும்?"

"அன்னிக்கு நிக்கும்" என்றாள் அம்மா. "மறுநாள் கழண்டுடும்."

"அவ்ளோதான். முடிச்சு போடற சாமான் இவன் ரத்தத்துல இல்ல. மத்த டெஸ்ட் எல்லாம் தையலைத்தான் பாக்கும், முடிச்சைப் பாக்காது. அதனாலதான் நார்மல்னு வந்துச்சு."

அந்தச் சாமானுக்குப் பதின்மூன்றாம் நம்பர் என்று ஒரு கணக்கும் சொன்னார். அப்பா, அம்மா இருவரிடமும் பாதிப் பாதிக் குறையாக இருந்து, பிள்ளைக்கு முழுசாக வந்துவிடுகிறதாம். சொந்தத்தில் கட்டினால் அப்படி நேர வாய்ப்பு அதிகமாம். ரொம்ப அபூர்வமானது, கண்டுபிடிக்காமல் விட்டால் தலைக்குள் ரத்தம் கசிந்து உயிருக்கே ஆபத்தாகிவிடும் என்றார். கண்டுபிடித்துவிட்டால் அந்த வைக்கோல் நிறப் பையை மாதம் ஒருமுறை ஏற்றிக்கொண்டு மற்றப் பிள்ளைகள் மாதிரி வளரலாம் என்றும் சொன்னார். அப்படித்தான் வளர்ந்தான். இன்றைக்கு என்னைவிட ஓரடி உயரம். "உங்க மொதல் பாப்பாவுக்கும் இதுதான் இருந்திருக்கணும். யாரும் எதுவும் பண்ணதால வர்றது இல்ல இது" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

நான் அம்மாவைப் பார்த்தேன். கேட்டுக்கொண்டாயா, யாரும் எதுவும் பண்ணவில்லையாம் என்று கண்ணாலேயே கேட்டேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. அப்பாவும் என்னைப் பார்க்கவில்லை. அவர் அத்தையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அக்கா" என்றார். அவளுடைய கையை எடுத்துத் தன் முகத்தில் வைத்துக்கொண்டார். லாரி ஓட்டுகிற அவ்வளவு பெரிய ஆள் ஆஸ்பத்திரி வார்டில் அழுததைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

பிறகு ஏதோ தோன்றியவராகக் கையை விட்டுவிட்டு அம்மாவின் பக்கம் திரும்பினார்.

"இவனுக்கும் தொப்புள்ல வந்துச்சா?"

அம்மா வாயைத் திறந்தாள். அவள் சொல்வதற்குள் அத்தை முந்திக்கொண்டாள். "இவனுக்கு ஒண்ணும் வரல. பெரியவனுக்கு வந்தத நான்தான் டாக்டர்கிட்ட சொன்னேன். அத வெச்சித்தான் கண்டுபிடிச்சாங்க."

நான் நிமிர்ந்து பார்த்தேன். அத்தையின் கை என் தோளில் வந்து உட்கார்ந்தது.

"அவளுக்கு இன்னா தெரியும்?" என்றாள் அத்தை, அம்மாவைக் காட்டி. "எனக்குத் தெரியுமா, உனக்குத் தெரியுமா? படிச்ச டாக்டருங்களுக்கே நேத்து வரைக்கும் தெரியல. வுடு."

அம்மா அத்தையையே பார்த்தாள். அப்புறம் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டே அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அத்தையின் நீலப் புடவையை இரண்டு கையாலும் பற்றி, அதில் முகத்தை வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். சாவு வீட்டில்கூட அவள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. அத்தை குனிந்து அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தாள். தட்டத் தட்ட அழுகை அதிகமாயிற்றே தவிர நிற்கவில்லை.

பக்கத்துக் கட்டில்காரர்களெல்லாம் வேடிக்கை பார்த்தார்கள். தம்பி பிழைத்துவிட்டான். நான் சுரண்டவில்லை என்று டாக்டரே சொல்லிவிட்டார். அப்பா அத்தையிடம் பேசிவிட்டார். அம்மா சொன்ன பொய்க்கு அவளை ஒருத்தரும் அடிக்கவில்லை, திட்டவில்லை, அத்தை அவளைக் காட்டிக்கொடுக்கக்கூட இல்லை. இதற்கு மேலும் எதற்கு அழுகிறாள் என்று எனக்கு எரிச்சலாகிவிட்டது. பக்கத்தில் போய்க் குந்தி, அவள் தோளை உலுக்கினேன்.

"எழுந்துரும்மா" என்றேன். "அதான் உன்ன யாரும் ஒண்ணும் சொல்லலியே."